லொறிச் சில்லுக்குக் கல் வைக்கும் பொடியன்

எமது பகுதியில் லொறி வைத்து வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவரிடம் போய், "உங்கட வண்டியில ஹேன்ட் பிரேக் பிடிக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புத்தான் பதிலாக வரும். டயர் எத்தனை மாதம் ஓடியது, எஞ்சின் எப்போது செய்தது, லீசிங் இன்னும் எத்தனை தவணை இருக்கிறது என்ற கணக்கெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஹேன்ட் பிரேக் கணக்கு மாத்திரம் இருக்காது. அதற்குப் பதிலாக வண்டியின் பின்தட்டில் ஒரு கருங்கல் கிடக்கும். அந்தக் கல்லைத் தூக்கிச் சில்லுக்கு அடியில் வைக்க ஒரு பொடியன் இருப்பான்.

நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். நெல் வாங்கி விற்பது என் தொழில். கடையும் ஸ்டோரும் எழுவான்கரையில். நெல் விளைவது படுவான்கரையில். இடையில் மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. 2014இல் ஜப்பான் உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அந்தத் துறையில் 'பாதை'யில்தான் ஏறி அக்கரைக்குப் போவோம். வெறும் வண்டியென்றால் பாதை. பாரம் ஏற்றிவிட்டால் நாங்கள் பட்டிருப்புப் பாலத்தாலோ வலையிறவுப் பாலத்தாலோ சுற்றி வருவோம்.

எங்கள் ஊர்கள் மட்டமான ஊர்கள். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ வண்டியை எங்கே நிறுத்தினாலும் அது நிறுத்திய இடத்தில் நிற்கும். ஹேன்ட் பிரேக்கை நாம் மறந்ததற்கு முதற் காரணம் இந்த மட்டமான மண்தான் என்று நினைக்கிறேன். பதுளைப் பக்கத்து லொறிக்காரர் ஒருவர் ஹேன்ட் பிரேக் இல்லாமல் ஒரு நாள் தொழில் செய்ய முடியாது. நமக்கு அது இல்லாமலே வருடம் ஓடிவிடுகிறது. ஆனால் நமது தொழிலில் சரிவே இல்லையா? குளக்கட்டில் ஏறுகிறோம். வாய்க்கால் கட்டைத் தாண்டுகிறோம். துறையில் தண்ணீரை நோக்கி இறங்குகிறோம். செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாக லுணுகலைக்கு மேலே அரிசி கொண்டு போகிறோம். வருடத்தில் முந்நூறு நாள் தேவைப்படாத ஒரு சாமான் மீதி அறுபது நாளில் ஒரு நாள் ஒரு நிமிடம் தேவைப்படும். அந்த நிமிடம் எது என்று முன்கூட்டித் தெரியாது.

கிழக்கில் யுத்தம் 2007இல் முடிந்த பிறகு, படுவான்கரையில் நீண்ட காலம் தரிசாகக் கிடந்த வயல்கள் மறுபடி விதைக்கப்பட்டன. நெல் வரத்துக் கூடியது. வட்டைக்குள் இறங்கி நெல் ஏற்ற ஒரு வண்டி தேவைப்பட்டது. பெரும்போக வெட்டு நேரத்தில் மழை பெய்தால் சாதாரண லொறி வயல் ரோட்டில் புதைந்துவிடும். பிறகு உழவு இயந்திரம் கொண்டுவந்து இழுக்க வேண்டும், அதற்கொரு கூலி. ஆகவே 2010இல் நான்கு சில்லாலும் இழுக்கும் பழைய கன்டர் ஒன்றை வாங்கினேன். எஞ்சின் நல்லது, செசி நல்லது, விலையும் தோது. ஹேன்ட் பிரேக் நெம்பு இருந்தது. இழுத்தால் 'கிர் கிர்' என்று சத்தமும் வந்தது. ஆனால் மறுமுனையில் ஒன்றுமில்லை. கேபிளை வெட்டிச் செசியில் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதை வண்டி வாங்கப் போகும் சகோதரர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கன்டர், எல்ஃப் போன்ற ஜப்பான் லொறிகளில் ஹேன்ட் பிரேக் பின் சில்லில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், ப்ரொப்பலர் சாப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு ட்ரம்மாக இருக்கிறது. பாஸ்மார் இதைச் 'சென்டர் பிரேக்' என்பார்கள். நான்கு சில்லு இழுக்கும் வண்டியில் அது ட்ரான்ஸ்பர் கேஸின் பின்பக்கம் இருக்கும். அந்த ட்ரம்முக்கு நேர் முன்னால் ஒயில் சீல் இருக்கிறது. சீல் தேய்ந்தால் கியர் ஒயில் கசிந்து லைனரில் படியும். லைனர் வழுக்கத் தொடங்கும். டிரைவர் கேபிளை இன்னும் இறுக்குவார். இறுக்கிய லைனர் ஓட்டத்தில் உரசி, சூடாகி, புகைந்து நாறும். கடைசியில் யாரோ ஒரு கராஜ்காரர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, "இது இல்லாமலே ஓடலாம் முதலாளி" என்பார். இருநூறு ரூபாச் சீல் ஒன்று மாற்றாததால் ஒரு பிரேக்கே போய்விடுகிறது.

என் வண்டிக்கும் அதுதான் நடந்திருந்தது. நானும், ஓடலாம் என்றுதான் நினைத்தேன். ஆயினும் துறையில் பாதையில் ஏற்றும்போது மனம் அடித்துக்கொள்ளும். ஒரு நண்பரின் ஆலோசனைப்படி 'பிரேக் ஒயில் லொக்' ஒன்றைப் பூட்டினேன். அது கையடக்கமான ஒரு வால்வு. பிரேக் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு வால்வைத் திருப்பினால், குழாய்க்குள் இருக்கும் ஒயில் திரும்பி வராது. நான்கு சில்லும் மிதித்தபடியே நிற்கும். விலை குறைவு. பூட்டுவதற்கு ஒரு மணித்தியாலம். முதல் நாள் துறையில் இறங்கி நின்றபோது, இதை ஏன் முன்பே செய்யவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன்.

அந்த வால்வைக் கண்டு பிடித்தவர்கள் அதை நிறுத்தி வைக்கும் பிரேக்காகச் செய்யவில்லை என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. வேலை நடக்கும்போது சில நிமிடம் வண்டியை அசையாமல் வைக்க, டிரைவர் ஆசனத்தில் இருக்கும்போது உதவிக்கு வைக்கும் சாமான் அது. பிடித்து நிற்பது இரும்பு அல்ல, ஒயிலின் அமுக்கம். வீல் சிலிண்டர் ரப்பர் ஒன்று சிறிது தேய்ந்திருந்தாலும் அமுக்கம் மெல்ல மெல்ல இறங்கும். சூடாக இருந்த ஒயில் ஆறினாலும் இறங்கும். ஐந்து நிமிடம் நிற்கும். பத்து நிமிடம் நிற்கலாம். அரை மணித்தியாலத்துக்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது.

2012 பெரும்போக வெட்டு. மாசி மாதம், அஸர் தொழுதுவிட்டு ஏற்றத் தொடங்கிய பாரம். வாய்க்கால் கட்டில் ஏறும் சரிவில் வண்டியின் முன்பக்கம் மேலே பார்த்தபடி நின்றது. நாற்பத்தைந்து மூடை ஏற்றியாயிற்று. ஸ்டார்ட்டர் அந்த வாரம் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ என்ற பயத்தில் டிரைவர் எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஒயில் லொக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். கணக்குப் பார்க்க நானும் போடியாரும் களத்தின் மற்றப் பக்கம் நின்றோம். கிளீனர் தம்பி வண்டியின் பின்னால் நின்று கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது. வாப்பா இல்லாத பிள்ளை. கல் வைத்தானா என்று எவரும் கேட்கவில்லை. லொக் இருக்கிறதுதானே என்ற நினைப்பு.

போடியார்தான் முதலில் கண்டார். "காக்கா, வண்டி!" என்றார். நான் திரும்பிப் பார்க்கும்போது லொறி சத்தமில்லாமல் பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் பொடியனுக்குச் சில்லுத் திரும்பும் சத்தம் கேட்கவில்லை. எட்டு அடி, அவ்வளவுதான். ஏற்றாமல் மீதி அடுக்கியிருந்த மூடைகளில் வண்டியின் பின்பக்கம் முட்டி நின்றது. அந்த மூடைகளுக்கும் வண்டிக்கும் இடையில் அவன் அகப்பட்டான். மூடையாக இருந்தபடியால் உடம்பு தப்பியது. கல்லோ சுவரோ என்றால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் வலது பாதத்தின் மேல் சில்லு ஏறிவிட்டது. மூன்று எலும்பு. நான்கு மாதம் அவனால் நடக்க முடியவில்லை.

அவனது உம்மா என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. "நஸீபு, காக்கா" என்றார். ஏச்சு வாங்கியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். நஸீபு என்ற சொல்லை அவர் சொல்லலாம். நான் சொல்ல முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நான் கட்டவில்லை. நான்கு மாதச் சம்பளமும் வைத்தியச் செலவும் கொடுத்தேன். ஊரார் அதைத் தர்மம் என்றார்கள். தர்மம் அல்ல, கடன். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் என்று ஒன்று 1934 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. வேலை நேரத்தில் வேலையால் காயப்பட்டவனுக்கு முதலாளி கொடுக்க வேண்டியதை அது சொல்கிறது. நமது கிளீனர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? நமக்கே எத்தனை பேருக்குத் தெரியும்? வண்டியின் காப்புறுதிப் பத்திரத்தை இன்றே எடுத்து, அதில் கிளீனருக்குத் தனியாகக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். என் பத்திரத்தில் இருக்கவில்லை.

அதன் பிறகுதான் நான் சரியான பாஸ் ஒருவரைத் தேடிப் போனேன். வயதானவர், பேச்சுக் குறைவு. லேத் பட்டறையும் சேர்த்து வைத்திருந்தார். வண்டிக்கு அடியில் போய் ஒரு கால் மணித்தியாலம் பார்த்துவிட்டு வந்து, "சென்டர் பிரேக்கைக் கழட்டினவன் யார்?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் கோபப்பட்டதன் காரணத்தைப் பிறகு ஒரு தாளில் கணக்காகப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை இங்கே தருகிறேன்.

வண்டியும் பாரமுமாக 5,600 கிலோ என்று வையுங்கள். ஐந்து அடி போனால் ஒரு அடி ஏறும் சரிவில் அதை நிறுத்தினால், பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 1,100 கிலோ. சில்லிலேயே ஒரு பிரேக்கைப் பூட்டி இதைப் பிடிக்க வேண்டுமானால் பெரிய பிரேக் தேவை. ஆனால் டிப்பரன்ஷலுக்கு முன்னால், ப்ரொப்பலர் சாப்ட்டில் பிடித்தால் கதை வேறு. சாப்ட் ஐந்து தரம் சுற்றினால்தான் சில்லு ஒரு தரம் சுற்றும் என்றால், சாப்ட்டைப் பிடிப்பதற்கு ஐந்தில் ஒரு பங்கு பலம் போதும். சிறிய ட்ரம் ஒன்று பெரிய லொறியைப் பிடித்து நிற்கும் இரகசியம் இதுதான். ரோவர் கம்பனி 1948இல் முதல் லேண்ட் ரோவரைச் செய்தபோதே ஹேன்ட் பிரேக்கை ட்ரான்ஸ்பர் கேஸின் பின்னால்தான் வைத்தது. 2016இல் டிபென்டர் உற்பத்தியை நிறுத்தும் வரை அந்த இடத்தை மாற்றவில்லை. பழைய லேண்ட் ரோவர்களில் டிப்பரன்ஷல் கணக்கு 4.7க்கு ஒன்று. எமது பகுதியில் ஒரு காலத்தில் காட்டுக்கும் வயலுக்கும் ஓடியவை அந்த வண்டிகள்தாம். அவற்றின் ஹேன்ட் பிரேக்கை நம்பிக் குளக்கட்டில் நிறுத்தியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. பாரம் ஏற்றி நிறுத்தும்போது கியரில் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நான்கு சில்லு இழுக்கும் வண்டியில் ட்ரான்ஸ்பர் நெம்பு ஒன்று தனியாக இருக்கிறது. அது ஹைக்கும் லோவுக்கும் இடையில் நடுவில் நின்றுவிட்டால், முதல் கியரில் போட்டிருந்தாலும் வண்டி உருளும். எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பே இருக்காது. ட்ரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் இருக்கும் பிரேக்குக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நெம்பு எங்கே நின்றாலும் அது சாப்ட்டைப் பிடிக்கும். ஆகவே யாராவது உங்கள் வண்டிக்குப் புதிதாக ஹேன்ட் பிரேக் பூட்டித் தருவதாகச் சொன்னால், ட்ரான்ஸ்பருக்கு முன்னாலா பின்னாலா என்று முதலில் கேளுங்கள். முன்னால் என்றால் வேண்டாம்.

வண்டியோடு வந்த மாதிரியே ஒரு ட்ரம் தேடி முதலில் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். இரண்டு நாள் அலைந்தேன். ட்ரம் கிடைத்தது, ஆனால் அதைத் தாங்கும் பின்தட்டு வேறு மொடலுடையது, போல்ட் துளை பொருந்தவில்லை. துளையை நீட்டிப் பூட்டலாம் என்றார் ஒரு கடைக்காரர். வாங்கவில்லை. திரும்பி வந்தபோது பாஸ் சொன்ன யோசனைதான் டிஸ்க்.

இது அவர் கண்டுபிடித்தது அல்ல. இங்கிலாந்தில் லேண்ட் ரோவருக்கென்றே ட்ரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பூட்டும் 'எக்ஸ் பிரேக்' என்ற சாமான் தயாராக விற்கிறார்கள். சேறும் தண்ணீரும் ட்ரம்முக்குள் போய்த் தேங்குவதால் படும் அவஸ்தைதான் காரணம். அமெரிக்காவில் காட்டு ஓட்டத்துக்கு ஜீப் வைத்திருப்பவர்கள் பழைய கடிலாக் எல்டொராடோ காரின் பின் கலிப்பரைக் கழற்றி இதே வேலைக்குப் பாவிக்கிறார்கள். அந்தக் கலிப்பரில் ஹேன்ட் பிரேக் நெம்பு கூடவே இருக்கிறது. ஒயில் தேவையில்லை, கேபிள் இழுத்தால் உள்ளே திருகு சுற்றிப் பேட்டை நெரிக்கும். கடிலாக்குக்கு நாம் எங்கே போவது? பின் சில்லில் டிஸ்க் உள்ள ஜப்பான் கார்களிலும் இந்த வகைக் கலிப்பர் வருகிறது. ரீகண்டிஷன் சாமான் கடையில் எனக்கு ஒன்று கிடைத்தது. டிஸ்க், ஒரு வேனின் முன் டிஸ்க்.

பூட்டும் வேலையில் பாஸ் பிடிவாதமாக நின்ற சில விடயங்கள் உண்டு. முதலில் ஒயில் சீலை மாற்றினார். ட்ரான்ஸ்பர் கேஸின் மூச்சுக் குழாயில் அடைத்திருந்த சேற்றையும் எடுத்தார். அது அடைபட்டால் உள்ளே அமுக்கம் கூடி, புதுச் சீலையும் ஒயில் தள்ளிக்கொண்டு வரும். டிஸ்க்கின் நடுத் துளையை லேத்தில் வெட்டி, சாப்ட் பிளாஞ்சின் நடு விளிம்பில் இறுக்கமாக உட்கார வைத்தார். போல்ட்டை மாத்திரம் நம்பி டிஸ்க்கை உட்கார வைத்தால் நடு விலகி, ஓட்டத்தில் வண்டி முழுக்க அதிரும். டிஸ்க்கின் தடிப்புக்கு ஏற்ப நீளமான போல்ட் வேண்டும், தலையில் 10.9 என்று அடித்த போல்ட்டைத்தான் எடுத்தார். கடையில் கிலோக் கணக்கில் விற்கும் மெல்லிய போல்ட்டைக் கையிலெடுத்த என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கலிப்பரைத் தாங்கும் பிறக்கெட்டைச் செசியில் ஒட்டிவிடலாமே, இலகு என்று நான் சொன்னேன். அதற்குத்தான் நீளமாகப் பதில் சொன்னார். ட்ரான்ஸ்பர் கேஸ் ரப்பரில் தொங்குகிறது. எஞ்சின் இழுக்கும்போது அது அசையும், டிஸ்க்கும் அதோடு அசையும். செசியில் நிற்கும் கலிப்பர் அசையாது. ஆக ஒவ்வொரு குலுக்கலிலும் பேட் டிஸ்க்கில் உரசும். ஒரு நாள் பிறக்கெட் வெடிக்கும். கலிப்பர் நிற்க வேண்டியது ட்ரான்ஸ்பர் கேஸின் உடம்பிலேயே. அதற்காகவே அரை அங்குலத் தகட்டை வெட்டி, பழைய ட்ரம்மின் பின்தட்டு இருந்த அதே நான்கு துளையில் பூட்டினார். ஒரு நாள் முழுக்க அந்த ஒரு தகட்டுக்குப் போனது.

சோதனைக்கு எங்கே போவது? ஊருக்குள் சரிவு இல்லை. குளக்கட்டொன்றுக்குப் போனோம். வெறும் வண்டி கல்லாக நின்றது. சந்தோஷத்தில் நான் போகலாம் என்றேன். "பாரம் ஏத்துங்க முதலாளி" என்றார் பாஸ். மறுநாள் நாற்பது மூடையோடு போனோம். சில்லுக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு மரக்கட்டைகளை வைத்து, பின்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது என்று எல்லோரையும் விலக்கிவிட்டு, டிரைவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். ஒரு நிமிடம் நின்றது. பிறகு மெல்ல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கி வந்து கட்டையில் உட்கார்ந்தது. டிஸ்க்கை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரு தொன் விசையோடு நெரித்தால்தான் இந்தப் பாரம் நிற்கும் என்பது பாஸின் கணக்கு. காருக்குச் செய்த ஒற்றைக் கலிப்பருக்கு அது கூடுதல்.

இரண்டாவது கலிப்பர் தேடி இன்னொரு கிழமை போனது. இரண்டையும் டிஸ்க்கின் எதிரெதிர்ப் பக்கம் பூட்டி, கேபிளின் இழுவை இரண்டுக்கும் சமமாகப் போக நடுவில் ஒரு ஆடும் துண்டு வைத்தார். மீண்டும் அதே கட்டு, அதே நாற்பது மூடை. ஏறு முகமாக அரை மணித்தியாலம், இறங்கு முகமாக அரை மணித்தியாலம். சில்லில் சோக்கால் போட்ட கோடு அசையவில்லை. லைனர் ட்ரம் சில ஒரு பக்கத்துக்கு நன்றாகவும் மறுபக்கத்துக்குக் குறைவாகவும் பிடிக்கும். டிஸ்க்குக்கு அந்தப் பாகுபாடு இல்லை. அல்ஹம்துலில்லாஹ், லுஹருக்கு முன் வீட்டுக்கு வந்தோம்.

முழுச் செலவும், கொழும்புக்குப் போய் வந்த பஸ் காசும் சேர்த்து, அந்த லொறியின் பின் டயர் ஒரு சோடியின் விலைக்கு வரவில்லை. வண்டி நின்ற நாட்களில் போன வியாபாரம்தான் கூட. அதையும் வெட்டு இல்லாத மாதத்தில் செய்திருந்தால் அந்த நட்டமும் இல்லை.

இனி இந்தப் பிரேக்கின் குறைகளையும் சொல்ல வேண்டும்; நல்லதை மாத்திரம் சொல்வது வியாபாரத்தில் கூடாது. இது நிறுத்திய வண்டியைப் பிடிக்க மாத்திரம். ஓடும்போது இழுத்தால், சில்லில் பிரியும் அதிர்ச்சி முழுவதும் சாப்ட்டின் யூ ஜொயின்ட்டில் விழும். அது உடைந்தால் பிரேக்கும் இல்லை, இழுவையும் இல்லை. பின் சில்லொன்று பஞ்சராகி ஜாக் வைக்கும்போது மிகக் கவனம். ஒரு சில்லு நிலத்தை விட்டு எழும்பியதும், டிப்பரன்ஷல் காரணமாக நிலத்தில் இருக்கும் மற்றச் சில்லு தாராளமாக உருளும். சாப்ட் அசையாமலே வண்டி ஜாக்கிலிருந்து விழும். அந்த நேரம் நான்கு சில்லு நெம்பையும் போட்டு, முன் ஹப்பையும் லொக் செய்து, கட்டையும் வைத்த பிறகுதான் ஜாக்கைத் தொட வேண்டும். வண்டியைக் கட்டி இழுக்கச் சாப்ட்டைக் கழற்றினாலும் ஹேன்ட் பிரேக் போய்விட்டது என்று நினைவில் வையுங்கள். பிரேக்கை எடுக்க மறந்து ஓடினால் டிஸ்க் பழுக்கச் சூடாகும். வைக்கோல் பறக்கும் வயலில் அது நெருப்பு. ஐம்பது ரூபாச் சுவிட்ச் ஒன்றைப் பூட்டி, நெம்பு மேலே இருக்கும்வரை டாஷ்போட்டில் சிவப்பு விளக்கு எரியச் செய்துகொண்டோம்.

வாவித் தண்ணீர் உப்பு கலந்தது. துறையில் இறங்கி ஏறும் வண்டியில் கேபிள் உறைக்குள் உப்பு போய்த் துருப்பிடிக்கும். துரு வந்த கேபிள் இழுக்கும்போது இழுபடும், விடும்போது திரும்பாது. நல்ல தண்ணீரால் கழுவி மாதமொருமுறை கிரீஸ் விடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பெரிய லொறி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றுப் பிரேக் வண்டிகளில் நிறுத்தி வைப்பது ஸ்பிரிங். காற்று இருக்கும்வரை ஸ்பிரிங் அமுங்கியிருக்கும். காற்று போனால் அது பாய்ந்து பிரேக்கைப் பிடிக்கும். அந்தக் குடுவை கசியத் தொடங்கினால், வண்டி நின்றுவிடுகிறது என்று பின்னால் உள்ள போல்ட்டைச் சுழற்றி ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டிவிட்டு மாதக் கணக்கில் ஓடுகிறார்கள். அந்தப் போல்ட் வண்டியைக் கராஜ் வரை கொண்டு போகத் தந்தது. குடுவையை வீட்டில் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

டிஸ்க் பூட்ட நினைக்கும் சகோதரர்கள், தகுதிச் சான்றிதழுக்கு வண்டி காட்டும் இடத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியைக் கோப்பில் வையுங்கள். நான் பூட்டிய பிறகுதான் அறிவித்தேன். பிரச்சினை வரவில்லை, ஆனால் முறை அதுவல்ல. உங்கள் வண்டியின் சொந்த ட்ரம் நல்ல நிலையில் கிடைத்தால் அதையே பூட்டுவது எல்லாவற்றிலும் சிறந்தது. டிஸ்க் என்பது ட்ரம் கிடைக்காதவன் செய்வது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய லொறிகளுக்கு ஆயுள் நீண்டுவிட்டது. 2025இல் தடை தளர்த்தப்பட்டாலும், புதிய வண்டியின் விலை நம்மைப் போன்றவர்கள் கிட்டப் போகும் விலையாக இல்லை. இருபது, முப்பது வருட வண்டிகளைத்தான் நாம் இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டப் போகிறோம். அவற்றில் அநேகமானவற்றின் ஹேன்ட் பிரேக் கேபிள் செசியில் கம்பியால் கட்டிக் கிடக்கிறது. வியாபாரி ஒருவர் பழைய லொறி பார்க்க என்னைக் கூப்பிட்டால், இப்போதெல்லாம் நான் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் அடியில் படுத்து அந்தக் கேபிளைப் பார்க்கிறேன். விற்பவர் முகம் மாறும். விலையும் கொஞ்சம் இறங்கும்.

அந்தத் தம்பி இப்போது என் லொறியின் டிரைவர். குளிர் நாட்களில் வலது பாதம் வலிக்கிறது என்பான்; பிரேக் மிதிக்கும் கால் அது. பின்தட்டில் இருந்த கருங்கல்லை அவன்தான் எடுத்து வீசினான். அதற்குப் பதிலாக ஆப்பு வடிவில் இரண்டு மரக்கட்டை செய்வித்து, ஒவ்வொன்றிலும் நான்கு முழக் கயிறு கட்டி வைத்திருக்கிறான். சில்லுக்குக் கிட்டப் போகாமல் பக்கத்தில் நின்று தள்ளி வைக்கவும், கயிற்றைப் பிடித்து இழுத்து எடுக்கவும் அந்த நீளம் போதும். போன சிறுபோகத்தில் கேபிள் ஒன்று மாற்றினோம். பேட் இன்னும் பழையதுதான்.